கறைக்குள் இருந்த பெயர்

"அதை நான்தான் முதல்ல கேட்டேன்!"

"இல்லீங்க... நான்தான் முதல்ல எடுத்தேன்."

கண்ணாடிக் கடையின் மேசைக்கு மேலே ஒரே ஒரு பூதக்கண்ணாடி. அதைப் பிடித்தபடி இரண்டு கைகள். ஒன்று அவளுடையது. இன்னொன்று... முன்பின் பார்த்திராத ஒருவனுடையது. வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கடைக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கிறதே ஒண்ணுதான். அடுத்த சரக்கு வர நாளாகும். ரெண்டு பேரும் சேர்ந்து உடைச்சிடாதீங்க" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவனும் அப்போதுதான் பார்த்தான். தூக்கம் பாக்கி வைத்திருந்த கண்கள்... ஓரத்தில் லேசாகச் சிவந்து, ஆனால் உள்ளே ஏதோ ஒரு சிரிப்பை ஒளித்துவைத்திருந்த கண்கள். இந்தச் சிவப்பை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தாள். தினமும் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்ப்பதுதான் அது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். "சரி... நீங்களே வெச்சுக்கோங்க."

"ஏன்?"

"என்ன ஏன்?"

"இவ்வளவு நேரம் விடாப்பிடியா பிடிச்சுட்டு இப்போ ஏன் திடீர்னு குடுக்கறீங்க? இதுல கீறல் ஏதாவது இருக்கா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். கடைக்காரர் கூடச் சிரித்துவிட்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லை என்று உறுதியான பிறகுதான் பையைத் திறந்தாள்.

எதையும் எடுத்த எடுப்பில் நம்பாதவள் அவள். பிறவியிலேயே அப்படியா என்றால் இல்லை, பார்க்கிற வேலை அப்படி. பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளில் கையால் எழுதியிருக்கும் பெயர்களைப் படித்துத் தெளிவாக எழுதிக் கொடுப்பது. ஊர் உலகத்தில் யார் யாருக்கோ தங்கள் கொள்ளுப்பாட்டன் யார், அவன் அப்பன் யார் என்று தெரிய வேண்டியிருக்கிறது; அவர்களுக்காக வம்சாவளிப் பதிவகம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே தினமும் எழுத்தோடு மல்லுக்கட்டுவாள். அந்தக் காலத்து எழுத்தர்களோ மகா புண்ணியவான்கள்! மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒரு குடும்பத்தையே எழுதி முடித்துவிடுவார்கள். கண்ணுக்கு முதலில் தெரிவதை நம்பினால் அண்ணன் தம்பியாகிவிடுவான், அத்தை மாமியாராகிவிடுவாள். ஆக, சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"பூதக்கண்ணாடி எதுக்குங்க உங்களுக்கு?" மழை விடுவதற்காக வாசலில் நின்றபோது அவன் கேட்டான்.

"ஸ்டாம்ப் சேகரிக்கிறேன்" என்றாள் சட்டென்று. "உங்களுக்கு?"

"நான்... வாட்ச் ரிப்பேர் பண்றேன்."

அவன் கையில் வாட்ச் இல்லை. அவள் அதையும் பார்த்துவைத்துக்கொண்டாள்.

பொய் சொன்னது அவளுக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அலுவலகச் சட்டம் அப்படி. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பார்கள். காலையில் மாடியில் ஒருவர். மதியத்துக்கு மேல் பின்கட்டிடத்தில் இன்னொருவர். ஒருவருக்கொருவர் யாரென்று தெரியக் கூடாது. இரண்டு பேர் எழுதியதையும் மேற்பார்வையாளர் அம்மா ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒத்துப்போனால் சரி, ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அதனால்தான் வெளியே யாரிடமும் தன் வேலையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. அவளுடைய பக்கங்களை மதியம் படிக்கிற அந்த இரண்டாம் ஆள், வழுக்கைத் தலையும் மூக்குப்பொடியுமாக ஒரு கிழவர் என்று அவளாகவே முடிவுகட்டி வைத்திருந்தாள். 'மொட்டை' என்று ஒரு பெயரும் வைத்தாயிற்று. மொட்டை எப்போதாவது அவளோடு ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த மழைக்குப் பிறகு அவனை அடிக்கடி பார்க்க நேர்ந்தது. அதே தெரு, அதே பஸ் நிறுத்தம். அவள் வேலை முடிந்து வரும்போது அவன் எதிரே வந்துகொண்டிருப்பான்... ஒரு டீ குடிக்கிற நேரம்தான் பேச்சு.

"புதுசா ஏதாவது ஸ்டாம்ப் கிடைச்சுதா?"

"ம்... ஒண்ணு கிடைச்சுது. பச்சை கலர்ல."

"எந்த நாடு?"

அவள் விழித்தாள். "அது... கிழிஞ்சிருக்கு."

"ஓ..." என்று அவன் இழுத்த இழுப்பில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. விடுவாளா? "உங்க கடை எங்க இருக்கு? எங்க வீட்டுக் கடிகாரம் ஓடமாட்டேங்குது" என்றாள்.

"அது... இப்போ கடையை இடம் மாத்திட்டு இருக்கோம்."

"ஓ..." இந்தமுறை இழுத்தது அவள்.

இருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் அதே டீக்கடைக்கு வராமலும் இருக்கவில்லை. என்ன சொல்ல!

ஒருநாள் அவள் வேலை முடிந்து கிளம்பவே இருட்டிவிட்டது. வந்த பஸ்ஸில் ஏறினால் கால் வைக்க இடமில்லை. உள்ளே பார்த்தால் அவன் உட்கார்ந்திருந்தான். எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தான்; அவள் பிடிவாதமாக மறுத்துவிட்டாள். "அப்போ பையையாவது குடுங்க" என்றான். பாரம் தோளை அறுத்துக்கொண்டிருந்தது. கொடுத்தாள். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தபடியே வந்தான். அதற்கப்புறம் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை... இறங்கும்போது அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

அந்தப் பையில்தான் அவள் சரிபார்க்க எடுத்துப்போன பதிவேட்டு நகல்கள் இருந்தன. அவள் கைப்பட எழுதிய பெயர்களும்.

மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டனுப்பியபோது, வேலை நிரந்தரமான உத்தரவைக் கொடுக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு ஓடினாள். மூன்று வருடமாகக் காத்திருக்கிறாளே! அம்மாவின் மேசையில் உத்தரவு இல்லை. ஒரு பக்கம்தான் இருந்தது.

"இந்தப் பக்கம் ஞாபகம் இருக்காம்மா?"

பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஞாபகம் இல்லாமலா? ஒரே பிரசவத்தில் பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். முதல் குழந்தையின் பெயர் பளிச்சென்று இருக்கும். இரண்டாவது வரியில் எந்தக் காலத்திலோ தண்ணீர் சிந்தி, மை கரைந்து, வெறும் நீலக் கறைதான் மிச்சம்.

"இங்க எழுத்தே இல்லம்மா. நான் பார்த்தேன், விளக்கு வெச்சுப் பார்த்தேன், ஒண்ணுமே இல்ல. ஆனா நீ ஒரு பேர் எழுதியிருக்கே. அது கூடப் பரவாயில்ல... இரண்டாம் ஆளும் அதே பேரை எழுதியிருக்கார். இல்லாத எழுத்தை ரெண்டு பேரும் எப்படிம்மா ஒரே மாதிரி படிச்சீங்க?"

அவள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்த்து எழுதியிருக்கீங்க. இதைத் தவிர எனக்கு வேற எதுவும் தோணல. நாளைக்கு ரெண்டு பேரும் நேர்ல வந்து சொல்லுங்க. பார்த்து எழுதினது நீயா இருந்தா, இங்க மட்டுமில்ல, எந்தப் பதிவகத்துலயும் உன்னைச் சேர்க்கமாட்டாங்க. தெரியும் இல்ல?"

தெரியும்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொல்லி அழுதாள். தங்கை பொறுமையாகக் கேட்டாள். "ஏன்க்கா, கறையில எழுத்து இல்லேன்னா கேள்விக்குறி போட்டுட்டு வரவேண்டியதுதானே? அதானே உங்க சட்டம்?"

"அதான்டி சட்டம். அந்தப் பக்கத்துல எழுதியிருக்கிறதை மட்டும் படிக்கணும். வெளியே போய்த் தேடக் கூடாது. ஆனா... ஒருத்திக்குப் பேர், அவகூடவே பொறந்தவளுக்குக் கேள்விக்குறி... எனக்கு மனசு வரலைடி. சாப்பாட்டு நேரத்துல நானே போய்த் தேடிக் கண்டுபிடிச்சேன்."

"அப்போ அந்த மொட்டைதான் உன்னைப் பார்த்து எழுதியிருக்கணும்."

"எப்படிப் பார்ப்பான்? என் தாளை யார் பார்த்தா? யார்கிட்டயும் நான்..."

சொல்லும்போதே நின்றுவிட்டாள். பஸ். பை. மடியில் வைத்துக்கொண்டு ஊமையாகிவிட்ட அவன்... வாட்ச் கட்டாத வாட்ச் ரிப்பேர்க்காரன்! யார் அவன்? மொட்டை அனுப்பிய ஆளா? பூதக்கண்ணாடியை அன்றைக்கு அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது... தினமும் அதே நேரத்துக்கு எதிரே வந்தது... ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கோத்துப் பார்த்தாள். எல்லாம் பொருந்தியது.  வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட, அவன் சிரித்ததெல்லாம் நடிப்போ என்ற நினைப்புதான் அவளை அதிகம் அழவைத்தது. அதை அவள் தங்கையிடம் சொல்லவில்லை. தங்கைக்குத் தெரியாமலும் இல்லை.

மறுநாள் மேற்பார்வையாளர் அம்மாவின் அறைக்கதவு திறந்தது. இரண்டாம் ஆள் உள்ளே வந்தான்.

வழுக்கை இல்லை. மூக்குப்பொடி இல்லை. ஓரம் சிவந்த அதே கண்கள்.

"வாட்ச் ரிப்பேர்?" என்றாள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

"ஸ்டாம்ப்..." என்று அவன் முணுமுணுத்தான்.

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே தெரிஞ்சவங்களா?"

"இல்ல" என்றாள் அவள்.

"ஆமாம்" என்றான் அவன்.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. அம்மாவின் முகம் இறுகியது. "சரிதான்! ஒருத்தர் திருடினதுன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் கூட்டா?"

"மேடம், என் பை ஒருநாள் இவர் மடியில இருந்தது. பஸ்ல. நானாத்தான் குடுத்தேன், முட்டாள்தனமா. மத்ததை அவரையே கேளுங்க." அவன் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். திரும்பினால் குரல் உடைந்துவிடும்.

"நான் பார்த்து எழுதல மேடம்" என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள்மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஏன் சொல்லவில்லை?

அம்மா அந்தப் பக்கத்தை ஓரமாக நகர்த்திவைத்தார். பிறகு இரண்டு நாற்காலிகளை முதுகுக்கு முதுகாகப் போடச் சொன்னார். ஆளுக்கு ஒரு தாள். "அந்தப் பேர் எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதுங்க. எந்தப் பதிவேடு, எந்த வருஷம், எந்தப் பக்கம். வாயைத் திறக்கக் கூடாது."

அவள் எழுதினாள். முதுகுக்குப் பின்னால் அவன் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நிற்காமல் ஓடியது. பொய் சொல்கிறவன் இவ்வளவு வேகமாக எழுதுவானா... அல்லது பொய் என்பதால்தான் இவ்வளவு வேகமா?

அம்மா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். எழுந்து அலமாரிக்குப் போனார். இரண்டு தடித்த பதிவேடுகளைத் தூசியோடு கொண்டுவந்து பிரித்தார். அந்த அறையில் பக்கம் புரளும் சத்தம் மட்டும்தான்.

"வாங்க, ரெண்டு பேரும் பாருங்க" என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது.

முதலாவது, அவள் கண்டுபிடித்தது. திருமணப் பதிவேடு. இரட்டையரில் பெரியவளின் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவள், 'மணமகளின் உடன்பிறந்த இரட்டைச் சகோதரி'. நான்கே எழுத்தில் ஒரு பெயர், கோணல்மாணலாக, அவளே போட்ட கையெழுத்து.

இரண்டாவது, அவன் கண்டுபிடித்தது. அந்தப் பக்கத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. இறப்புப் பதிவேடு. அதே நான்கு எழுத்து. பிறந்த தேதி அதே தேதி. பெற்றோர் அதே பெற்றோர். வயது எழுபதுக்கு மேல். 'இறந்துபோன சகோதரியின் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்' என்று எந்த எழுத்தரோ ஓரத்தில் கூடுதலாக ஒரு வரி எழுதிவைத்திருந்தார்.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கல்யாணத்தோடு அந்தச் சின்னவளைத் தொலைத்துவிட்டோம் என்றல்லவா நினைத்திருந்தாள்? அப்புறம் என்ன ஆனாளோ என்று எத்தனை நாள் கவலைப்பட்டிருக்கிறாள்! இவள் வாழ்ந்திருக்கிறாள். கிழவியாகும் வரை வாழ்ந்திருக்கிறாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தாள்... அவன் குனிந்து அந்தச் சாட்சிக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "கையெழுத்து கூடப் போடத் தெரிஞ்சிருக்கு அவளுக்கு..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் கண்ணும் நனைந்திருந்தது.

"ரெண்டு பேரும் சட்டத்தை மீறியிருக்கீங்க" என்றார் அம்மா. "பக்கத்துக்கு வெளியே போய்த் தேடினது தப்பு. ஆனா யாரும் யாரையும் பார்த்து எழுதல. வேற வேற பதிவேட்டுல போய் ஒரே பொண்ணைக் கண்டுபிடிச்சிருக்கீங்க. ஒரு ஆதாரம் இருந்தா அது செல்லாது. ரெண்டு பேர் தனித்தனியா ரெண்டு ஆதாரம் கொண்டுவந்தா பேரைச் சேர்க்கலாம். அதுவும் இங்க சட்டம்தான்." பேனாவை எடுத்து, கறையின் ஓரத்தில் அந்தப் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு அவனைப் பார்த்தார். "தம்பி, போன வாரமே வந்து உன்னை பைண்டிங் பிரிவுக்கு மாத்தச் சொல்லிட்டு நின்னியே. காரணம் கேட்டதுக்கு வாயே திறக்கல. இந்தப் பொண்ணைத் தெரியுங்கிறதுதான் காரணமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

போன வாரமேவா? அவளுக்குள் மறுபடியும் சுருக்கென்றது. விசாரணை வருவதற்கு முன்னாலேயே ஓடப் பார்த்தானா?

அம்மா போகச் சொன்னதும் வராந்தாவில் அவனை மடக்கினாள். மாடிப்படி ஜன்னலில் மழை சாரலடித்துக்கொண்டிருந்தது.

"பையைத் திறந்து பார்த்தீங்களா, இல்லையா?"

"திறக்கல."

"சத்தியமா?"

"சத்தியமா திறக்கல. ஆனா... ஒரு தாள் வெளியே நீட்டிட்டு இருந்துது. நான் அன்னைக்கு மத்தியானம் படிச்ச அதே பக்கம். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, நீங்கதான் அந்த முதல் ஆள்னு."

"தெரிஞ்சுமா சொல்லல? தெரிஞ்சதுக்கு அப்புறமும் ஸ்டாம்ப் பத்தி விசாரிச்சீங்களா?"

"ஆமாம்."

"என்னை வேடிக்கை பார்த்தீங்களா?"

"இல்லீங்க... பயந்தேன்." அவன் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தான். "ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிட்டா ஒருத்தர் போகணும். பின்னாடி சேர்ந்தவங்கதான் போகணும்னு சட்டம். முதல் ஆள் மாறி மூணு வருஷம்தான் ஆச்சுன்னு எனக்குத் தெரியும், அதனால நீங்கதான் பின்னாடி சேர்ந்தவங்க. வேலையும் இன்னும் நிரந்தரமாகல. அதான் நானே முதல்ல போயிடலாம்னு... போனதுக்கு அப்புறம் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லலாம்னு நினைச்சேன்."

 பைண்டிங் பிரிவு என்றால் தரைத்தளத்தில், தூசியும் பசையும். அங்கே ஒரு பெயரைக் கூடப் படிக்க வேண்டியிராது. கறைக்குள்ளே ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு போகிறவன், அந்த வேலையை விட்டுவிட்டுப் பதிவேடுகளுக்கு முதுகு தைக்கப் போகிறேன் என்கிறான்... யாருக்காக?

கோபம்தான் முதலில் வந்தது. "என்னை ஒரு வார்த்தை கேக்காம என் வேலையைக் காப்பாத்த நீங்க யாரு?"

"அதைத்தாங்க சொல்ல வர்றேன்... ரெண்டு மாசமா." அவன் குரல் தழுதழுத்தது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கீறல் இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பார்த்தீங்களே, அன்னைக்கே பிடிச்சுப்போச்சு. நீங்க நம்பமாட்டீங்க, தெரியும். காட்டுறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

மழைச்சத்தம் இன்னும் பெரிதாகியது. அவள் அவன் கண்களைப் பார்த்தாள். எழுத்தைப் பார்ப்பது போல... அவசரப்படாமல், முதலில் தோன்றியதை நம்பாமல், மறுபடியும் மறுபடியும் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒன்றேதான் தெரிந்தது.

"நான் நாளைக்குக் காலையில எழுந்திருச்சதும் மறுபடியும் சந்தேகப்படுவேன்" என்றாள்.

"படுங்க. நாளைக்கும் சொல்றேன்."

"நாளன்னைக்கும் கேப்பேன்..."

"நாளன்னைக்கும் சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இவன் சொல்லிவிட்டான் என்பதற்காகத் தானும் சொல்வதா? அப்படியென்றால் இவன் நாளைக்கு என்ன நினைப்பான்? நினைத்துவிட்டுப் போகட்டும்!

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள். "ரொம்ப நாளாவே. நீங்க சொன்னதைக் கேட்டுட்டுச் சொல்லல... யாரையும் பார்த்து எழுதல. நானாத்தான் சொல்றேன்."